பல் கிளினிக் மென்பொருளுக்கு உங்கள் ஊரில் ஒரு பயனர் குழு: தொடங்குவது எப்படி?

சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் பல் கிளினிக்கின் முன்மேசைக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. நான் பெரிதாகப் பதறவில்லை. தினமும் இரவு ஷட்டரை இறக்குவதற்கு முன் பென்டிரைவில் பேக்கப் எடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். சர்வீஸ் ஆள் வந்து புது டிஸ்க் போட்டு, அந்த பேக்கப்பை ஏற்றினார். நோயாளிகளின் பெயர் வந்தது, பில் வந்தது, அப்பாயிண்ட்மென்ட் வந்தது. எக்ஸ்ரே மட்டும் ஒன்றுகூட வரவில்லை. நான்கு வருடத்துப் படங்கள். மென்பொருள் அவற்றை வேறொரு ஃபோல்டரில் சேமித்து வந்திருக்கிறது. நான் எடுத்துவந்த பேக்கப்பில் அந்த ஃபோல்டர் இல்லவே இல்லை.

அந்த வாரம் எங்களிடம் வந்துபோகும் ரூட் கெனால் டாக்டரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "பக்கத்து கிராஸ் கிளினிக்ல இருக்கிற அக்கா ரெண்டையும் சேர்த்துத்தான் எடுக்கிறாங்களே, அவங்களைக் கேட்டிருக்கலாமே" என்றார். அதே மென்பொருள். திருச்சி தில்லைநகரில் நடந்தே போய்விடும் தூரம். அந்த அக்கா யாரென்றே எனக்குத் தெரியாது.

பல் கிளினிக் மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் மாதம் ஒருமுறை கூடி, ஒருவருக்கொருவர் சொல்லித்தரும் எங்கள் பயனர் குழு அங்கிருந்துதான் பிறந்தது. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக, நாங்கள் செய்து பார்த்ததையும் தவறவிட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் தேவையில்லை. தினமும் அந்த மென்பொருளில் உட்கார்ந்து வேலை செய்கிறவராக இருந்தால் போதும்.

இந்தக் குழு யாருக்கு என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். என் எண்ணம் இதுதான்: விசையைத் தட்டுகிறவர்களுக்குத்தான் இது. ரிசப்ஷனில் இருப்பவர், டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, எந்தப் பல்லில் என்ன என்று சார்ட் போடும் அசிஸ்டென்ட், கணக்கு பார்ப்பவர். மென்பொருளை வாங்குவது டாக்டர், விற்பது நிறுவனம். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது முறை அதைத் திறந்து மூடுகிறவருக்குத் தெரிவது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

ஆட்களைக் கண்டுபிடிப்பது

எந்தக் கிளினிக்கில் எந்த மென்பொருள் என்று பட்டியல் எங்கும் கிடைக்காது. ஆனால் அதைத் தெரிந்த மனிதர்கள் உங்கள் கிளினிக்குக்கே வந்து போகிறார்கள். முதல் ஆள், ஒவ்வொரு கிளினிக்குக்கும் போய்ச் சிகிச்சை செய்யும் கன்சல்டன்ட் டாக்டர்கள். ரூட் கெனால், கிளிப் போடுவது, இம்ப்ளான்ட் என்று ஒருவரே நான்கைந்து கிளினிக்குகளுக்குப் போவார். ஒவ்வொரு இடத்திலும் நோயாளியின் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர் அவர். அடுத்து, டென்டல் லேப்பிலிருந்து கேப்பும் பல் செட்டும் கொண்டுவரும் தம்பி. மெட்டீரியல் டீலரின் சேல்ஸ் ஆள். பல் எக்ஸ்ரேயை நேராகக் கம்ப்யூட்டரில் காட்டும் ஆர்விஜி சென்சாரின் சர்வீஸுக்கு வருபவர். இவர்களிடம் "அந்தக் கிளினிக்கில் எதில் பில் போடுகிறார்கள்?" என்று கேளுங்கள். ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பெயர்கள் சேர்ந்துவிடும்.

ஒரே மென்பொருளைப் பயன்படுத்தும் நான்கு கிளினிக்குகள் கிடைத்தால் அதை வைத்தே தொடங்குங்கள். "இந்தப் பட்டனை அழுத்து, அடுத்து இதைத் தேர்ந்தெடு" என்ற அளவுக்குப் பேச முடியும். உதவி உடனே கைக்கு வரும். நான்கு கிடைக்காவிட்டால் வெவ்வேறு மென்பொருள்காரர்களும் சேர்ந்து உட்காரலாம். பெயர் பதிவு, பேக்கப், தவணைக் கணக்கு எல்லாம் எல்லாருக்கும் பொதுதானே. இன்னும் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டு, மாறலாமா என்று யோசிப்பவர்கள் ஓரிருவர் வந்தாலும் நல்லது. அவர்கள் கேட்கும் அடிப்படைக் கேள்விகளில்தான் நாம் எதைத் தவறாகப் பழகிவிட்டோம் என்பது தெரியவரும்.

போன் செய்வதைவிட நேரில் போவது மேல். காலை பதினொன்றரைக்குப் போகாதீர்கள், கூட்டம் இருக்கும். மதியம் சாப்பாடு முடிந்த நேரத்தில் போய், "நானும் இதே சாஃப்ட்வேர்தான் பார்க்கிறேன் அக்கா, இதில் ஒரு சந்தேகம்" என்று தொடங்குங்கள். உண்மையான சந்தேகத்தையே கேளுங்கள். குழு, சங்கம் என்ற சொல்லே முதல் நாளில் வேண்டாம்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

இதைத் தாண்டாமல் எதுவும் நடக்காது. டாக்டர்களுக்கு இரண்டு பயம் இருக்கும். பக்கத்துக் கிளினிக்குக்கு நம் ஃபீஸும் நோயாளிகள் விவரமும் போய்விடுமோ என்பது ஒன்று. நம் ஆளை அவர்கள் இழுத்துக்கொள்வார்களோ என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான பயம். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்று சொல்லி மழுப்பாதீர்கள்.

நாங்கள் ஒரு தாளில் நான்கு வரி எழுதினோம். ஃபீஸ் பற்றிப் பேசமாட்டோம். எந்த நோயாளியைப் பற்றியும், பெயர் சொல்லியோ சொல்லாமலோ, பேசமாட்டோம். சம்பளமும் வேலைக் காலியும் பேசமாட்டோம். கிளினிக் நேரத்தில் கூடமாட்டோம். இதை ஒவ்வொருவரும் தங்கள் டாக்டரிடம் காட்டினோம். ஒரு டாக்டர் ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: கூட்டத்தில் கற்றுக்கொண்டதை மறுநாள் கிளினிக்கில் மற்றவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும். நல்ல வரி, சேர்த்துக்கொண்டோம்.

போட்டியாளர்கள் எப்படி ஒன்றாக உட்காருவது என்று யாராவது கேட்டால், இந்த வழக்கத்தின் தொடக்கத்தைச் சொல்லலாம். 1955-ல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஐபிஎம் 704 கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் சேர்ந்து ‘ஷேர்’ என்ற பயனர் குழுவைத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் விமானம் செய்யும் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். வியாபாரத்தில் ஒருவருக்கொருவர் போட்டி. ஆனாலும் எல்லாருக்கும் தேவைப்பட்ட அடிப்படை நிரல்களை ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பது வீண் என்று கண்டு, பகிர்ந்துகொண்டார்கள். விமானத்தை யார் நன்றாகச் செய்வது என்ற போட்டி அப்படியே இருந்தது. பல் கிளினிக்குக்கும் இது பொருந்தும். சிகிச்சையில் போட்டி இருக்கட்டும். பேக்கப் எடுப்பதில் என்ன போட்டி?

டாக்டர்களும் கூட்டத்துக்கு வரலாமா? மூன்று கூட்டத்துக்கு ஒருமுறை வரட்டும். தன் முதலாளி எதிரில் உட்கார்ந்திருந்தால், "இது எனக்குத் தெரியாது" என்று எந்த அசிஸ்டென்டும் வாய் திறக்கமாட்டார். அந்தச் சொல் வெளியே வராவிட்டால் கூட்டத்தில் வேலையே இல்லை. டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இந்தியப் பல் மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக் கூட்டங்கள் இருக்கின்றன. முன்மேசைக்காரர்களுக்குத்தான் எதுவும் இல்லை.

இடமும் நேரமும்

பெரும்பாலான கிளினிக்குகள் மதியம் மூடி மாலையில் திறக்கும். அந்த இடைவெளிதான் உங்கள் நேரம். நாங்கள் இரண்டரை மணி முதல் நான்கு மணி வரை வைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாரத்தில் வீட்டுக்கென்று இருப்பது அந்த ஒரு நாள்தான். இரவு கிளினிக் முடிந்த பிறகு வைப்பதும் சரிவராது, பஸ் பிடித்து வீடு போக வேண்டுமே.

ஏதாவது ஒரு கிளினிக்கின் காத்திருப்பு அறையே போதும். நாற்காலி இருக்கும், ஃபேன் இருக்கும். சுவரில் விளம்பரம் ஓடும் டிவியில் ஒரு லேப்டாப்பை இணைத்தால் எல்லாருக்கும் திரை தெரியும். டீயும் வடையும் இடம் தரும் கிளினிக்கின் பொறுப்பு. மாதாமாதம் இடம் மாறும் என்பதால் யாருக்கும் பாரமாகாது.

நாளை மட்டும் மாற்றாதீர்கள். சென்னையின் லினக்ஸ் பயனர் குழு 1990களின் கடைசியிலிருந்து இயங்கிவருகிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை என்றால் அவர்கள் கூட்டம் என்று பழகியவர்களுக்குத் தெரியும். நீங்களும் ‘இரண்டாம் புதன்’ போல ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். "அடுத்தது எப்போது வைக்கலாம், எல்லாரும் சொல்லுங்கள்" என்று வாட்ஸப்பில் கேட்கத் தொடங்கினால் அந்தக் கூட்டம் நடக்காது. மே மாதமும் காலாண்டு, அரையாண்டு விடுமுறையும் மட்டும் விதிவிலக்கு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நோயாளிகள் எல்லாரும் அப்போதுதான் கிளினிக்குக்கு வருவார்கள். மதிய இடைவெளியே கிடைக்காது.

முதல் கூட்டத்துக்கு முன் ஒரு பொய்க் கிளினிக்

இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். உண்மையான நோயாளியின் பக்கத்தைத் திறந்துவைத்து எதையும் சொல்லித்தரக் கூடாது. ஒருமுறைகூட. பல் சிகிச்சைதானே, இதில் என்ன ரகசியம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பக்கத்தில் சர்க்கரை நோய் இருக்கும், கர்ப்பம் இருக்கும், எச்ஐவி பரிசோதனை முடிவு இருக்கும், போன் நம்பர் இருக்கும். நம் ஊரில் அந்த நோயாளி, திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குச் சித்தியாகவும் இருக்கலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பிச் சொன்னதை நாலு பேர் முன் விரிப்பது தவறு.

ஆகவே ஒரு லேப்டாப்பில் பொய்க் கிளினிக் ஒன்றை உருவாக்குங்கள். கம்ப்யூட்டரிலேயே நிறுவும் வகை என்றால், காலியான இரண்டாவது தரவுத்தளத்தை (பெயர், பில் எல்லாம் சேமிக்கும் இடம்) திறக்க வழி உண்டா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். இணையத்தில் இயங்கும் வகை என்றால் டெமோ கணக்கு ஒன்று கேட்டு வாங்குங்கள். அதில் ‘சோதனை 1, சோதனை 2’ என்று பெயர் போட்டு நிறுத்தாதீர்கள். நிஜ வாழ்க்கையின் சிக்கல்களோடு கற்பனை நோயாளிகளைச் சேருங்கள். ஒரே போன் நம்பரில் நான்கு பேர் உள்ள குடும்பம். பால்பல்லும் நிலைப்பல்லும் கலந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளை. கிளிப் போட்டு மாதத் தவணை கட்டும் கல்லூரி மாணவி. லேப்பிலிருந்து கேப் வராமல் காத்திருப்பவர். பென்சிலின் ஒவ்வாமை உள்ள பெரியவர். பாதிப் பணம் கட்டிவிட்டுப் பிறகு வராமலே போனவர். ஒரு மதியம் உட்கார்ந்தால் பத்துப் பேரைச் சேர்த்துவிடலாம். பல மாதக் கூட்டங்களுக்கு இவர்கள் போதும்.

எக்ஸ்ரே காட்ட வேண்டியிருந்தாலும் கவனம் தேவை. பற்கள் முழுவதும் ஒரே படத்தில் விழும் ஓபிஜி எக்ஸ்ரேயின் ஓரத்தில் பெயர் அச்சாகியிருக்கும், அதை வெட்டிவிடலாம். ஆனால் மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள டைகாம் வகைக் கோப்பில் பெயர், பிறந்த தேதி எல்லாம் படத்தில் தெரியாவிட்டாலும் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வாட்ஸப்பில் ஸ்கிரீன்ஷாட் போடும் பழக்கத்துக்கும் இதே விதிதான்: பொய்க் கிளினிக்கின் திரை மட்டும்.

முதல் கூட்டம்

வரவேற்புரை வேண்டாம், தலைவர் தேர்வு வேண்டாம். வரும்போது ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில், தினமும் தன்னை உறுத்தும் ஒரே ஒரு விஷயத்தை எழுதிக்கொண்டு வரட்டும். சீட்டுகளை வாசியுங்கள். மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். வழி தெரிந்தவர் வாயால் சொல்லக் கூடாது; லேப்டாப்பில் செய்து காட்ட வேண்டும். அப்புறம் கேள்வி கேட்டவரே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடம், கண்டுபிடித்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதற்கு. எங்கள் முதல் கூட்டத்துக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள். போகும்போது ஐந்து பேரும் மறுநாளே பயன்படும் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆள் எண்ணிக்கையைவிட அது முக்கியம்.

எதைப் பேசுவது

முதல் ஆறு மாதத்துக்கு என்ன தலைப்பு என்று திண்டாட வேண்டியதில்லை. எங்கள் அனுபவத்தில், எந்த மென்பொருளானாலும் முதலில் மேலே வருவது இரண்டு: பல் எண், நோயாளியின் பெயர்.

பல் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். நம் டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவது எஃப்டிஐ முறை. உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு 1970-ல் ஏற்றுக்கொண்டது. இன்று ஐஎஸ்ஓ 3950 என்ற உலகத் தரமாகவும் இருக்கிறது. வாயை நான்காகப் பிரித்து, வலது மேலுக்கு 1, இடது மேலுக்கு 2, இடது கீழுக்கு 3, வலது கீழுக்கு 4. அதோடு நடுப்பல்லிலிருந்து ஒன்று முதல் எட்டு வரை. ஆக 16 என்றால் வலது மேல் முதல் கடைவாய்ப்பல். அமெரிக்காவில் வேறு முறை. வலது மேல் ஞானப்பல்லில் 1 என்று தொடங்கி, மேல்வரிசை முழுக்கப் போய், கீழே இறங்கி 32-ல் முடிப்பார்கள். அந்த முறையில் 16 என்றால் இடது மேல் ஞானப்பல். ஒரே எண், வாயின் எதிர்ப்பக்கம். அமெரிக்காவில் செய்த மென்பொருளை அமைப்பை மாற்றாமல் அப்படியே பயன்படுத்தினால், டாக்டர் சொல்லும் 16 வேறொரு பல்லில் போய் உட்கார்ந்துவிடும். பிடுங்க வேண்டிய பல் பற்றிய குறிப்பில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பால்பல்லிலும் இதே கதைதான். எஃப்டிஐயில் 51 முதல் 85 வரையுள்ள எண்கள். அமெரிக்க முறையில் இருபது பல்லுக்கும் இருபது ஆங்கில எழுத்துகள். இதற்கு மேல், மூத்த டாக்டர்கள் சிலர் காகிதத்தில் கூட்டல் குறி போல ஒரு கோடு இழுத்து, மூலையில் எண் எழுதித் தருவார்கள். அதை எஃப்டிஐக்கு மாற்றி ஏற்றுவது முன்மேசையின் வேலையாகிவிடும். ஒரு கூட்டம் முழுவதையும் இதற்கே கொடுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் மென்பொருளில் எந்த முறை தேர்வாகியிருக்கிறது என்று பார்த்து வரட்டும். டாக்டரைக் கேட்காமல் அந்த அமைப்பை யாரும் மாற்றக் கூடாது. பழைய பதிவுகள் அதற்கேற்ப மாறுமா, அப்படியே நிற்குமா என்பதைப் பொய்க் கிளினிக்கில் பார்த்த பிறகுதான் பேச்சு.

பெயர் விஷயம் இதைவிட நமக்கு நெருக்கமானது. மென்பொருள் கேட்பது முதல் பெயரும் குடும்பப் பெயரும். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் இனிஷியலும். காலையில் இருப்பவர் ‘கே முருகன்’ என்று பதிவார், மாலையில் இருப்பவர் ‘முருகன் கே’ என்பார். ஆங்கிலத்தில் எழுதும்போது லட்சுமியை நான்கு விதமாக எழுதலாம். போன் நம்பரும் நம்ப முடியாதது. ஊரில் இருக்கும் அப்பா அம்மா இருவருக்கும் மகனுடைய நம்பர்தான் கொடுப்பார்கள். நம்பர் மாறினால் புது ஆளாகப் பதிவாகிவிடுவார்கள். இப்படி ஒரே மனிதருக்கு இரண்டு பக்கம் உருவானால் பில் குழப்பம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு பக்கத்தில் பென்சிலின் ஒவ்வாமை என்று சிவப்பில் எழுதியிருக்கும், இன்னொன்றில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். டாக்டர் திறப்பது காலியான பக்கமாக இருந்துவிட்டால்?

எங்கள் குழுவில் இதற்கு ஒரே விதி வைத்தோம். பெயர் முதல் கட்டத்தில், இனிஷியல் கடைசிக் கட்டத்தில், புள்ளி கிடையாது. புதுப் பக்கம் திறப்பதற்கு முன் போன் நம்பரிலும் பெயரின் முதல் மூன்று எழுத்திலும் தேட வேண்டும். "இதுக்கு முன்னாடி எப்பவாவது வந்திருக்கீங்களா?" என்று வாய்விட்டும் கேட்க வேண்டும். ஏற்கெனவே இரட்டையாக உள்ளவற்றை இணைக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. ஆனால் இணைத்த பிறகு பிரிக்க முடியாமல் போகலாம், அதனால் பேக்கப் எடுத்துவிட்டுத் தொடுங்கள். அப்படியே பிறந்த தேதியையும் பாருங்கள். தேதி தெரியாத பெரியவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டுவிடுவது வழக்கம். புத்தாண்டன்று பிறந்தநாள் வாழ்த்துச் செய்தி வரிசையாகப் போவது ஒரு பக்கம். வயதைப் பார்த்து மருந்தின் அளவு முடிவாகும் இடத்தில் தவறான வருடம் இருப்பது அதைவிடப் பெரிய சங்கதி.

மூன்றாவது தலைப்பு, பேக்கப். இதை எப்படி எழுதாமல் விடுவேன்? பேக்கப் என்றால் தரவுத்தளமும் படங்களும் சேர்ந்தது. ஓப்பன் டென்டல் போன்ற மென்பொருளின் கையேட்டிலேயே இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு நகலெடுக்கச் சொல்கிறார்கள்; உங்களுடையதில் படங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, அந்த ஃபோல்டரின் பெயரை நோட்டில் எழுதுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று கிளினிக்குக்கு வெளியே என்பது கம்ப்யூட்டர் துறையில் பழைய விதி. எப்போதும் செருகியே வைத்திருக்கும் பென்டிரைவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். வெளியே எடுத்துப்போகும் பிரதிக்குக் கடவுச்சொல் கட்டாயம். பஸ்ஸில் தொலைந்தால் தொலைவது நோயாளிகளின் வாழ்க்கை விவரம். அப்புறம், திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்பவே நம்பாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அவரவர் கிளினிக்கிலேயே, டாக்டரின் அனுமதியோடு, ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்து, "ஒரு எக்ஸ்ரே திறந்தது" என்று அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் குழுவின் ஒரே வீட்டுப்பாடம்.

மற்றவை தானாக வரும். கிளிப் தவணைக்கு அட்வான்ஸை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது, கன்சல்டன்ட் டாக்டரின் பங்கை மாதக் கடைசியில் எப்படிப் பிரிப்பது, லேப்புக்குப் போன வேலையை எப்படித் துரத்துவது. எஸ்எம்எஸ் நினைவூட்டல் போகவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் டெம்ப்ளேட்டை, அதாவது பதிந்துவைத்த செய்தி வாசகத்தைப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி, அனுப்புபவர் பெயரும் செய்தியின் வாசகமும் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். பதிந்த வாசகத்தில் ஒரு வார்த்தையை மாற்றினாலும் செய்தி நின்றுவிடும்.

நிறுவனத்தோடு உறவு

முதல் மூன்று கூட்டங்களுக்கு மென்பொருள் நிறுவனத்தின் ஆளை அழைக்காதீர்கள். டீச்செலவை அவர்கள் ஏற்கிறேன் என்றாலும் வேண்டாம். நல்லவர்களாகவே இருப்பார்கள், ஆனால் அவர்கள் உட்கார்ந்தால் கூட்டம் விளக்கவுரையாக மாறிவிடும், கடைசியில் புதுத் திட்டத்தின் விலையில் வந்து நிற்கும்.

நான்காவது மாதம் அழையுங்கள், கையில் பட்டியலோடு. ஒவ்வொரு குறையையும் நான்கு வரியில் எழுதுங்கள்: என்ன செய்தோம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு. "சில சமயம் தொங்குது சார்" என்பதை வைத்து அவர்களால் எதுவும் செய்ய முடியாது. "ஒரே போன் நம்பரில் மூன்றாவது ஆளைச் சேர்த்தால் இரண்டாவது ஆளின் முகவரி மாறுகிறது" என்று பொய்க் கிளினிக்கில் செய்து காட்டினால், அவர்களும் அங்கேயே ஒத்துக்கொள்வார்கள். ஒரு கிளினிக் போன் செய்தால் புகாருக்கு ஒரு டிக்கெட் நம்பர் கிடைக்கும். ஆறு கிளினிக் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் மென்பொருளை எழுதிய புரோகிராமர் வரைக்கும் போகும்.

ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: நாங்கள் வெளியேற நினைத்தால் எங்கள் பதிவுகள் முழுவதையும், படங்கள் உட்பட, எந்த வடிவில் தருவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தொடர்ந்து நடத்த

கிளினிக் வேலையில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். கல்யாணம், குழந்தை, வேறு ஊர். இரண்டு பேரிடம் பொறுப்பு இருக்கட்டும். ஒருவர் போனாலும் நோட்டு அடுத்தவரிடம் இருக்கும். அந்த நோட்டுதான் குழுவின் சொத்து. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித்தராத இடத்தில், அதன் முதல் இருபது பக்கம் சொல்லித்தரும்.

வாட்ஸப் குழு வேண்டும், ஆனால் காலை வணக்கமும் ஃபார்வர்டும் இல்லாமல். கேள்வியும் பதிலும் மட்டும். தீர்ந்த கேள்வி நோட்டுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதத்தில் அதே கேள்வி திரும்ப வரும்.

பணம் வசூலிக்காதவரை பதிவு, வங்கிக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை எங்களுக்கு. பெரிதாக வளர்ந்து சந்தா வாங்கும் நிலை வந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 இருக்கிறது, அப்போது ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளலாம். மூன்று பேர்தான் வந்தார்கள் என்று ஒரு மாதமும் கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள். மூன்று பேர் வந்த ஒரு கூட்டத்தில்தான் தவணைக் கணக்கை முழுதாகப் பிரித்துப் பார்க்க எங்களுக்கு நேரம் கிடைத்தது.

ஒரு உறுப்பினரின் கிளினிக் வேறு மென்பொருளுக்கு மாறினால் அவரை விட்டுவிடாதீர்கள். எங்கள் இரண்டாம் வருடத்தில் ஒருவர் அப்படி மாறினார். இனி வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு போக வந்தவரை உட்கார வைத்து, மாறும்போது எது வந்தது, எது வரவில்லை என்று கேட்டோம். பெயரும் பாக்கித் தொகையும் வந்துவிட்டன. டாக்டர் எழுதிய குறிப்புகள் பிடிஎஃப் குவியலாக வந்தன, தேட முடியாது. பல் சார்ட் வரவேயில்லை. முக்கியமான நோயாளிகளுக்கு மட்டும் கையால் திரும்ப ஏற்றினார்கள், அதற்கு இரண்டு மாதம் ஆனது. சார்ட்டையெல்லாம் மாறுவதற்கு முன்பே பிரின்ட் எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும் என்றார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டோம். மொத்தம் இரண்டரைப் பக்கம். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மென்பொருள் மாற்ற நினைத்த இரண்டு டாக்டர்கள், நிறுவனத்துக்குப் போன் போடும் முன் அந்தப் பக்கங்களை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். மென்பொருள் மாறிய அந்த அக்கா இன்றும் இரண்டாம் புதன் தவறாமல் வருகிறார்.